போகவர எவ்வளவு?

சென்னை,
ஞாயிறு காலை

அன்புள்ள சங்கரனுக்கு,

கடிதமும் முறுக்கும் ஒரே நாளில் வந்தன. முறுக்கு மறுநாளே தீர்ந்துவிட்டது. கடிதத்தைத்தான் மூன்று முறை படித்தேன்.

பங்கு ஒன்று 200 ரூபாய் வீதம் 500 பங்கு வாங்கி, பத்து பைசா ஏறியதும் அன்றே விற்றதில் ஐம்பது ரூபாய் லாபம், காபிச் செலவுக்கு ஆயிற்று என்று எழுதியிருக்கிறாய். கூடவே வைத்திருந்த காண்ட்ராக்ட் நோட்டை, அதாவது தரகர் அனுப்பும் கணக்குச் சீட்டை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வாங்கத் தரகு 20, விற்கத் தரகு 20. விற்ற லட்சத்துக்குப் பங்குப் பரிவர்த்தனை வரி 25. வாங்கியதற்கு முத்திரைத் தீர்வை 3. சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் கூட்டினால் 82 ரூபாய்ச் சொச்சம். காபி குடித்தது நீ இல்லையப்பா, உன் செலவில் வேறு யாரோ. மறுநாள் வரை வைத்திருந்து விற்றிருந்தால் வரி மட்டுமே 200 ஆகியிருக்கும், வாங்கும்போதும் 0.1 சதவீதம், விற்கும்போதும் 0.1 சதவீதம்.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. 2022-23இல் உன்னைப் போல வாங்கிய பங்கை அன்றே விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்குக் காட்டியது.

என் பிழைப்பு முழுக்க நெட்வொர்க் ஆயிற்றே, அதனால் வாங்கி விற்கும் இந்தப் போகவரக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு உடனே பிங்தான் நினைவுக்கு வந்தது. 1983இல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல். எதிரொலி கேட்கும் சோனார் ஓசைதான் அதற்குப் பெயர். நெட்வொர்க்கில் அனுப்பும் சின்னத் தரவுப் பொட்டலம் போய்த் திரும்பும் நேரத்தை அது அளக்கும். போகும் நேரத்தை மட்டும் ஏன் அளப்பதில்லை தெரியுமா? அதற்கு இரண்டு ஊர்க் கடிகாரங்களும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். போய்த் திரும்புவதற்கோ நம் கடிகாரம் ஒன்றே போதும். நேற்று இங்கிருந்து மும்பை சர்வர் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தேன்: 24 மில்லிசெகண்ட். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் இழுத்திருந்தாலும் போகவர பத்து மில்லிசெகண்டுக்குக் குறையாது. மிச்சமெல்லாம் வளைந்து போகும் வழியும் நடுவில் பொட்டலத்தை வழிமாற்றி அனுப்பும் ரௌட்டர்களும் தின்றது.

உன் பங்குக் கணக்கும் அப்படித்தான். திரையில் ஏறும் விலை ஊரார் கடிகாரம். விற்று, பிடித்தம் போக உன் வங்கிக் கணக்கில் விழுவதே உன்னுடையது.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைக்கு மதுரை வருகிறேன். மற்ற நோட்டுகளையும் எடுத்து வை, மீனாட்சிக்குத் தெரியாமல் கூட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
ராமு