சகோதரிகள் கூடுகைக்கு ஓர் அறை, 90 நிமிடம்

அன்புள்ள போதகர் அவர்களுக்கும் சபைக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

பெண்கள் ஐக்கியத்தின் சிறு குழுக்களை எல்லாம் ஒன்றாக்கி, மாதம் ஒருமுறை ஆலயத்தில் தேவசெய்தி கொடுப்பவரை அழைத்து நடத்தலாம் என்று யோசித்துவருகிறீர்கள். நல்லெண்ணத்தில் வந்த யோசனைதான். ஆனால் அது இன்னொரு ஞாயிறு ஆராதனையாக ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மனம்விட்டுப் பேச 40 நிமிடம் ஒதுக்கினால், 10 பேர் குழுவில் ஆளுக்கு 4 நிமிடம். 40 பேர் உட்கார்ந்தால் ஒரே நிமிடம். அதற்குள் "குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள்" என்பதற்குமேல் ஒருத்தி என்ன சொல்லிவிட முடியும்? அதற்குப் பின்னால் இருப்பது கடனா, கருச்சிதைவா, அடி உதையா என்பது மூன்றாவது நிமிடத்தில்தான் வாயில் வரும். மைக்கைக் கையில் கொடுத்தால் அதுவும் வராது.

பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் உட்கார்ந்து பேசியது ஆற்றங்கரையில் கூடிவந்த பெண்களோடுதான் (அப்போஸ்தலர் 16:13). அவர்களில் ஒருத்தியான லீதியாள் தன் வீட்டைத் திறந்தது அதன் பிறகே. பெண்கள் கூடினால் சண்டைதான் என்கிறவர்கள் அதே சபைக்கு எழுதின நிருபத்தையும் வாசிக்கட்டும். அந்தச் சபையின் சகோதரிகளான எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் ஒத்துப்போகாதபோது பவுல் யாரையும் ஒதுக்கவில்லை, அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி உடன் ஊழியரைக் கேட்டுக்கொண்டார் (பிலிப்பியர் 4:2,3).

ஆகவே குழுக்கள் 8 முதல் 10 பேரோடு இருக்கட்டும். 12-ஐத் தாண்டினால் பிரிக்கலாம். பிரிக்கும்போது புதுத் தலைவியோடு பழகிய முகங்கள் மூன்று பேராவது போகவேண்டும். தனியாக அனுப்பினால் குழு கரைந்துபோகும். பாட்டுக்கு 10 நிமிடம், வேதபகுதிக்கு 25, பகிர்தலுக்கு 40, ஜெபத்துக்கு 15. வேதபகுதி 12 வசனத்துக்குமேல் வேண்டாம். முழு அதிகாரத்தை எடுத்தால் தலைவியே பிரசங்கம் செய்து முடிப்பாள். வெட்டு விழுவது பகிர்தலுக்குத்தான். வாய்திறந்து ஜெபிக்கக் கூச்சப்படுகிறவளை முறைவைத்துக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அடுத்த வாரம் அவள் வரமாட்டாள்.

கூடுகை கெட்டுப்போவது பெரும்பாலும் ஜெபக் குறிப்பு வழியாகத்தான். "பாவம், அந்த அக்காவுக்காக ஜெபிப்போம்" என்று ஆரம்பித்து வம்பில் முடியும். அவரவர் காரியத்தை மட்டும் சொல்வது, இன்னொருவருடையதை அவருடைய சம்மதத்தோடு சொல்வது, வாட்ஸ்அப்பில் போடாதிருப்பது என்று வைத்துக்கொண்டால் பாதி வம்பு அடங்கும். ஜெப நோட்டில் தேதியும் பெயரின் முதல் எழுத்தும் போதும். சொன்னது போதகரம்மா வழியாகப் போதகர் காதுக்கும் போகக்கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், சகோதரிகள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் தீங்கு என்றால் மட்டும் இரகசியம் காக்க முடியாது என்பதை முதல் கூடுகையிலேயே சொல்லிவிட வேண்டும். அடிபட்டு வருகிறவளுக்கு "பொறுத்துக்கொள், ஜெபி" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது பாவம். அவள் சம்மதித்தால் இரண்டு பேர் கூடவே மருத்துவரிடமும் காவல் நிலையத்துக்கும் போகவேண்டும்.

குழுவுக்குள் சீட்டு, கைமாற்றுக் கடன், பொருள் விற்பனை மூன்றும் வேண்டாம். பணம் திரும்பி வராவிட்டால் இரண்டு பேருமே வருவதை நிறுத்திவிடுவார்கள்.

கமிட்டியிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் அதன் சாவியும் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு மாலை நேரம், மற்றவர்களுக்கு ஒரு பகல் நேரம். சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் தனியாக வேண்டாம். அந்த முறைப் பட்டியலில் சகோதரர்களின் பெயர்களும் வரட்டும், தாய்மார் நிம்மதியாக உட்காரட்டும்.

இன்னொன்று. சபை விழாவுக்கு யார் பரிமாறுவது, யார் பெருக்குவது என்று ஆள் பிடிக்க இந்த 90 நிமிடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவிப்பை எழுதிக் கொடுங்கள். கடைசி ஜெபம் முடிந்தபின் வாசிக்கிறோம்.

கர்த்தருக்குள்,
பெண்கள் ஐக்கியக் குழுத் தலைவிகள்