மணி எத்தனை தரம்?

திருகோணமலை
சித்திரை 20

மச்சான்,

இத்தனை வருடம் கழித்துக் கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதே. ஒருவரும் சாகவில்லை. போனில் கதைத்தால் குசினிக்குள் நிற்கிற என் மனிசிக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்கும். என் போனை அவள் பார்க்காத நாளும் இல்லை. இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம், அதுதான் காகிதம்.

இங்கே எல்லோரும் சுகம். கட்டையன் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து, இப்போது சீட்டாட்டத்தில் முன்பை விட மோசமாகத் தோற்கிறான். உன் காணி விஷயம் இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் டிக்கெட். ஆவணியில் வந்து, நல்லூர்த் தேர் பார்த்து, அப்படியே சிவனொளிபாதமலையும் ஏறிவிடலாம் என்கிறாய். ரொறன்ரோவில் இருந்து உனக்குப் பருவமும் மறந்துபோச்சுதா? ஆவணி என்றால் உனக்கு ஞாபகம் வருவது நம்முடைய கடற்கரை வெயில். இங்கே மண்ணைச் சுட வைக்கிற அதே கச்சான் காற்றுத்தான் மேற்கே கடலில் இருந்து மழையை அள்ளிக்கொண்டு போய் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. நமக்கு வெயில் என்றால் அங்கே அடைமழை. நமக்கு மார்கழி, தையில் வாடை மழை ஊற்றும்போது அங்கே வானம் வெளித்திருக்கும். மார்கழிப் பூரணையில் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக் பூரணையோடு முடிகிறது. அதன் பிறகு படிகளில் விளக்கில்லை, தேநீர்க் கடைகள் பூட்டு, பாதை முழுக்க அட்டை. கச்சான் கடலை வாங்க நல்லூருக்குப் போ, கச்சான் காற்றில் மலைக்குப் போகாதே.

ஆகவே ஆவணியில் பேரப்பிள்ளைகளோடு வா, நல்லூரைப் பார். மலைக்கு என்று மாசியில் தனியாக வா. காசைப் பற்றிப் புலம்பாதே, 1982இல் நீ என்னிடம் வாங்கின சைக்கிள் டயர் காசுக்கு வட்டி போட்டால் ஒரு டிக்கெட் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் மாசியில் பழைய கந்தோர் நண்பரின் மகள் கலியாணத்துக்கு ஹற்றன் போனேன். இவள் வரவில்லை, முதுகு வலி. கலியாணம் முடிந்த இரவு, யாருக்கும் சொல்லாமல் மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணிக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஆம், உன்னை விட்டுவிட்டுத்தான். திட்டுவதை முடித்துக்கொண்டு மேலே வாசி.

பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தால், இருட்டுக்குள் ஒரு விளக்குச் சரம் ஆகாயத்துக்கு ஏறிப் போகிறது. கடைசி விளக்கு எது, முதல் நட்சத்திரம் எது என்று தெரியவில்லை. ஒரு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். தோரணம், ஜப்பான்காரர் கட்டின சமாதான தாதுகோபம் வரை ராசா மாதிரிப் போனேன். சீத கங்குல ஆற்றுத் தண்ணீரில் முகம் கழுவினேன், பல் கிட்டியது. அதற்கு மேல்தான் படி. மொத்தம் 5,000க்கு மேல். தினமும் கோட்டை வாசலில் மான்களுக்கு வணக்கம் சொல்லிக் கோணேசர் கோயில் வரை நடக்கிறவன் நான். ஆனால் 7,359 அடி மலைக்கு முன்னால் நம்முடைய மலை பத்தில் ஒரு பங்கும் வராது.

கைப்பிடிக் கம்பி தொடங்கி, படி ஏணி மாதிரி நிமிர்கிற இடத்தில் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. பக்கத்துத் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலை, வெறுங்கால், எண்பதை நெருங்கும் ஒரு சிங்கள அம்மா பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தா. என் முகத்தைப் பார்த்து, மடியில் இருந்து ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி எடுத்துக் கையில் வைத்து, “கருணாவாய்” என்றா, மலையில் யாத்திரைக்காரர் ஒருவருக்கொருவர் சொல்கிற வாழ்த்து. பிறகு ஏறிப் போய்விட்டா. நான் இருந்தேன். கிழக்கு வெளுத்தது. மேலே மணிச் சத்தம் கேட்டது. எத்தனை தரம் மலை ஏறினாயோ அத்தனை தரம் மணியடிக்க வேண்டும், உனக்குத் தெரியும். யாரோ ஒருவர் 23 தரம் அடித்தார். கருப்பட்டியைச் சூப்பிக்கொண்டு எண்ணினேன். பிறகு இறங்கிவிட்டேன். ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்கு எமன்.

வீட்டுக்கு வந்ததும் இவள், “மேலே போனீங்களா?” என்று கேட்டாள். வாய் “ஓம்” என்றுவிட்டது. அவ்வளவுதான். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கிண்ணியா நானா வீடு தேடி வந்து, “எங்கட ஆக்கள் பாவாத மலை என்கிற சிவனொளிபாதத்துக்கு 1344இலேயே இப்னு பதூதா போயிட்டாரு, நீ இப்பத்தான் போறாய்” என்று பகிடி விட்டுக் கட்டிப்பிடித்தான். அவன் சிரித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1983 தையில் நாங்கள் மூவரும் கடலைப் பார்த்தபடி சத்தியம் பண்ணினோமே, அடுத்த மார்கழிக்கு மலை என்று. அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு யார் அந்தப் பக்கம் பஸ் ஏறினது? நீ போனாய், நான் இருந்தேன். நாற்பது வருடம் பார்த்திருந்த மலையில் பாதியில் திரும்பியதை விட, திரும்பியதை மறைத்ததுதான் இப்போது இரவில் நித்திரையைக் கெடுக்கிறது. கோயிலில் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போது கை கூசுகிறது மச்சான்.

போன கிழமை இவள் ஒரு குண்டு போட்டாள். முதுகு சரியாகிவிட்டதாம், வருகிற மாசியில் தானும் வருகிறாளாம். “உங்களுக்குத்தான் வழி தெரியுமே.” பூரணைப் போயா நாளும் சனி ஞாயிறும் வேண்டாம், உச்சியில் நிற்க இடம் கிடையாது என்று ஒரு கிழமை நாளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். போன தரம் மாதிரி ஒரு மணிக்குத் தொடங்கி ஓடுவதில்லை, இரவு எட்டரைக்கே தொடங்கி, கடை கடையாக இருந்து இருந்து ஏறுவோம். நீ வரும்போது நல்ல முழங்கால் பட்டி மூன்று கொண்டுவா, கடைசியில் உனக்கும் ஒன்று வேண்டிவரும்.

மணிக் கயிறு என் கைக்கு வரும்போது அவள் பக்கத்தில் நிற்பாள். ஒரு தரம் அடித்தால் பிடிபடுவேன். இரண்டு தரம் அடித்தால் அந்த இடத்தில் வைத்தே பொய். அதற்கு முதல் சொல்லிவிடலாம் என்றால், எங்கே வைத்துச் சொல்வது, வீட்டிலா, அந்தக் கருப்பட்டிக் கடை வாங்கிலா? உனக்கு மனிசியிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் அதிகம். யோசித்து எழுது, போன் எடுக்காதே.

உன்,
வாத்தியார் (அதே பட்டப்பெயர்தான், இன்னும் போகவில்லை)