எந்தப் பாட்டனார் அமைதியாக ஆராதித்தார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஆராதனை ஒழுங்கைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கைதட்டுவதும் கண்ணீரோடு சத்தமாக ஜெபிப்பதும் பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து நம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களுக்குள் நுழைந்த பழக்கம், நம் பாட்டனார்கள் அமைதியாகத்தான் ஆராதித்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பாட்டனார் என்று கேட்கத் தோன்றியது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864இல் காலமானவர். ஞாயிறுதோறும் நாம் பாடுகிற கீர்த்தனைகளில் எத்தனையோ அவருடையவை. அவர் எடுத்துக்கொண்ட வடிவங்களைப் பாருங்கள்: குறவஞ்சி, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு. எல்லாம் ஜனங்கள் தெருவிலும் வயலிலும் பாடிக்கொண்டிருந்தவை. ஏற்றம் இறைக்கிறவன் உடம்பை ஆட்டாமல் பாட முடியுமா? கையைக் கட்டிக்கொண்டு பாடும் பழக்கம் பிற்பாடு வந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

அதற்கும் மேலே ஒன்று. 1860இல் அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் கிறிஸ்டியான்பேட்டையில், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திவந்த சபையில் ஓர் எழுப்புதல், அதாவது திடீரென்று பொங்கிய பக்தி எழுச்சி, உண்டானது. ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள், பெண்கள் எழுந்து பேசினார்கள். மிஷனரிமார் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். பெந்தெகொஸ்தேக்காரர்கள் தங்கள் ஆரம்பமாகச் சொல்லும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் நடந்தது 1906இல். அதற்கு 46 வருஷம் முன்பே நம் ஊரில் நடந்ததை யாரிடமிருந்து கடன் வாங்கினோம்?

இப்படி எழுதியதால் என்னை மேடை வெளிச்சம், டிரம்ஸ் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். அங்கேயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேரன் கூப்பிட்டானே என்று டவுனில் ஓர் ஆராதனைக்குப் போயிருந்தேன். முன்னால் நின்று நடத்தியவர் "கையை உயர்த்துங்கள்" என்றார், உயர்த்தினோம். "பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார், சொன்னோம். "சத்தம் போதாது" என்றார். சொல்லிச் சொல்லி வாங்கினால் அதற்குப் பெயர் டிரில். பள்ளிக்கூடத்தில் செய்தாயிற்று.

இரண்டு கட்சியாரும் கையில் எடுப்பது வேதாகமத்தில் 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தைத்தான். தாவீது ராஜா முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினான், பலகணி வழியாகப் பார்த்த அவன் மனைவி மீகாள் அவனை அவமதித்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே அதிகாரத்தின் முன்பாதியை யாரும் பிரசங்கிப்பதில்லை. தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியை முதல் தடவை கொண்டுவந்தபோதும் சுரமண்டலம், தம்புரு, மேளம், வீணை, கைத்தாளம் எல்லாம் இருந்தன. தாவீதும் சேர்ந்து ஆடிப்பாடினான். ஆனால் லேவியர் தோளில் சுமக்க வேண்டிய பெட்டியைப் புது ரதத்தில் ஏற்றியிருந்தார்கள். மாடுகள் மிரண்டன, ஊசா என்பவன் பெட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினான், செத்தான். தாவீது பயந்துபோனான். பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோம் வீட்டில் கிடந்தது. நாம் மேற்கோள் காட்டும் நடனம் அதற்கு அப்புறம் வந்தது. பயந்தவன் ஆடிய ஆட்டம் அது. இரண்டு தடவையும் வாத்திய முழக்கம் இருந்தது என்பதால், வாத்தியத்தை வைத்து வழக்குப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்பது என் எண்ணம். (எல்லாம் முடிந்ததும் ஆண் பெண் எல்லாருக்கும் அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்தான் ராஜா. எங்கள் ஊர் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து, ஞாபகம் வருகிறது.)

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. கீர்த்தனை எல்லாம் மனப்பாடம். பெண்கள் பக்கத்தில் தூணுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து, முழங்காலில் கையால் தட்டிக்கொண்டே பாடுவாள். கண்ணாடி வளையல் சத்தம் எனக்கு இரண்டு வரிசை தள்ளிக் கேட்கும். கடைசி அடியை மட்டும் விடமாட்டாள், எல்லாரும் நிறுத்திய பிறகும் ஓர் இழுவை இழுத்துத்தான் இறக்குவாள். ஆர்மோனியம் வாசித்த காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை, வாசிக்கிறவரும் அவளுக்காகக் காத்திருப்பார். கீபோர்டில் ரிதம் போட ஆரம்பித்தபின் ரிதம் யாருக்கும் காத்திருக்காதே. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டுக்குழுவிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்து, "ஆச்சி, உங்க சத்தம் மைக்கில தனியா கேக்குதாம், கொஞ்சம் மெதுவாப் பாடச் சொன்னாங்க" என்றது. அம்மா, "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து உதடு மட்டும் அசைந்தது. கை மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது, அதைச் சொல்லி நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலும்.

வேதாகமத்தில் அன்னாளும் சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசையத்தான் ஜெபம்பண்ணினாள், ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆனால் அன்னாளை யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அவள் மனது அப்படி இருந்தது, அப்படி ஜெபித்தாள். என் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தாள்.

ஆயர்மாருக்கும் பாட்டுக்குழுக்காரர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கீர்த்தனையை மைக்கும் ரிதமும் இல்லாமல் பாட விடுங்கள். பின்வரிசையில் இழுத்துப் பாடுகிறவர்கள் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்