சுங்குடியோடு போகிற நாலு வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னிடம் சுங்குடிப் புடவைக்கு ஆர்டர் கொடுத்த திருச்சி அம்மாவுக்கு நீ எழுதிய பதிலைப் படித்தேன். "தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் ஆர்டர் தாமதமாகியுள்ளது. விரைவில் அனுப்பப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. யார் அனுப்புவார்? 'படும்' வந்தாலே ஆள் மறைந்துபோகிறார். காரணம்தான் உனக்குத் தெரியுமே, அதையே எழுது: "உங்கள் புடவைக்கு முடிச்சுப் போட்டு, சாயத்திலும் முக்கியாயிற்று. மதுரையில் மூன்று நாளாக மழை. துணி காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்து, வெள்ளிக்கிழமை பார்சல் போட்டுவிடுகிறேன்."

சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாப் பதிலிலும் சேர்க்கிறாய். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றிக் கட்டியது என்று எழுதிப் பார். புடவையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

ஜவுளிக்கடையில் நான் கடிதம் எழுதின காலத்தில் வி.பி.பி.யில்தான், அதாவது தபால்காரரிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிற பார்சலில்தான், புடவை போகும். முதல் மாதம், "சாயம் போனால் கடை பொறுப்பல்ல" என்று எழுதி வைத்தேன். முதலாளி அதை அடித்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினார்: "முதல் தண்ணீரில் சிவப்பு கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். ஒரு கை கல்லுப்புப் போட்டு ஊறவைத்து, தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள்." நான் எழுதியது கையைக் கழுவிக்கொண்டது. அவர் எழுதியது வாங்கினவரோடு கிணற்றடி வரைக்கும் போனது.

ராத்திரி "கடையை மூடு" என்று அவர் சொல்லவே மாட்டார். "எடுத்து வை" என்பார். பள்ளிக்கூடத்தில் மங்கல வழக்கு என்று படித்தாயே, விளக்கை அணைக்காமல் குளிரவைப்பது, அந்தப் பழக்கம். சரக்கு தீர்ந்தாலும் 'இல்லை' என்று முகத்தில் அடிக்க மாட்டார். "அரக்கு அடுத்த வாரம் வருகிறது, மாம்பழ மஞ்சள் இப்போது இருக்கிறது, பார்க்கிறீர்களா?" நீ 'ஸ்டாக் இல்லை' என்று முடித்துவிடுகிறாய்.

அதற்காகத் தேனாக ஊற்றாதே. முகம் தெரியாதவரிடம் 'டியர்', 'செல்லம்' வேண்டாம். 'தாங்கள்' வேண்டாம், 'நீங்கள்' போதும். விலை, கூரியர் காசு, தேதி, இதிலெல்லாம் குழையவே கூடாது. 1,250 ரூபாய் என்றால் 1,250தான்.

அப்புறம், அந்தம்மா மகளின் வளைகாப்புக்கு வாங்குவதாக நீதான் போனில் சொன்னாய். பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணோம். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, வளைகாப்பு என்றைக்கு என்றும் கேள். தேதி நெருக்கத்தில் இருந்தால் பார்சல் வேண்டாம், எனக்குச் சொல். திருச்சிக்கு பஸ் ஏறி நானே கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா