கிராஃப் தாளின் ஓரத்தை வெட்டாதீர்கள்: சேலத்துக் கணினிப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அம்மாப்பேட்டையில், துளையட்டையைக் கொண்டு பூ நெய்யும் ஜக்கார்டு தறிகளுக்குக் கிராஃப் வரைந்து அட்டை அடித்துக் கொடுக்கும் தொழிலில் நான் 31 ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்கு முன்னால் என் தகப்பனார் இதே மேசையில் இதே வேலையைச் செய்தார். செயற்கை நுண்ணறிவும் கைத்தொழிலும் கைகோக்க வேண்டும் என்று உங்கள் கல்லூரிகளில் அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடப்பதையும், எங்களில் சிலரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதையும் பார்த்துவருகிறேன். பொன்னாடைக்கு நன்றி. அது விசைத்தறித் துணி என்பதை மடிக்கும்போதே எங்கள் விரல் சொல்லிவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மேடை போடுவதற்கு முன்பு நடக்கும் வேலையில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கல்லூரியிலிருந்து 5 மாணவர்கள் என் கடைக்கு வந்தார்கள். எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் செயலி ஒன்றிடம் வெண்பட்டு வேட்டியின் கரைக்கு மயில் கேட்டு வாங்கியிருந்தார்கள். அழகான மயில்தான், தோகையில் நீலம் பச்சையாகக் கரைந்து பொன்னில் முடிந்தது. அதற்கு அட்டை அடித்துத் தர வேண்டும் என்றார்கள். கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமும் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். கட்டத்தில் மை இருந்தால் அட்டையில் துளை விழும், துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. நடுவில் வேறு நிலை கிடையாது என்பதால் நீலம் பச்சையாகக் கரைய அங்கே வழியில்லை. தறியின் ஜக்கார்டுப் பெட்டியில் 240 கொக்கி என்றால் 240 கட்ட அகலத்துக்குள் மயில் நின்றாக வேண்டும். அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்ற கணக்கு ஒத்துவராவிட்டால், தாளில் வட்டமாக இருக்கும் தோகைக்கண் துணியில் முட்டையாகிவிடும். (இந்தத் துளையட்டையிலிருந்துதான் உங்கள் துறையின் கதையும் தொடங்குகிறது. ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதைப் போலக் கணிப்பொறி இயற்கணிதத்தை நெய்யும் என்று ஆங்கிலக் கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

எல்லாவற்றையும்விட, அந்த மயிலின் கழுத்தில் ஊடை நூல் எங்கும் பிடிபடாமல் நெடுந்தூரம் ஓடியது. வாயால் விளக்கிப் பயனில்லை என்று, அப்படி நீளமாக நூல் மிதந்து கெட்டுப்போன பழைய மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். ஒரு மாணவி தம் வளையலை அதன்மேல் மெல்ல இழுத்துப் பார்த்தார். நூல் வளையலோடு வந்துவிட்டது, பூ கலைந்தது. சற்று நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, நூல் எத்தனை கட்டம் வரைக்கும் மிதக்கலாம்னு ஒரு எண் சொல்லுங்க, அதைத் தாண்டினா வேண்டாம்னு எழுதிடலாம்" என்றார். அந்த நிமிடம் வரை நான் அவர்களுக்கு அட்டை அடிக்கும் ஆள். அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே மேசையில் வேலை செய்தோம்.

என் தகப்பனாரின் கிராஃப் தாள்களில் 86ஐ அவர்களிடம் கொடுத்தேன். படம் வரைய ஏற்கெனவே பழகியிருந்த ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு அவற்றைக் கூடுதலாகப் பயிற்றுவித்து, நூல் அளவுக்கு மேல் மிதக்கும் வடிவங்களைத் தள்ளிவிடத் தனி நிரலும் எழுதினார்கள். வந்த 60 கரைகளில் பெரும்பாலானவை குப்பை. சில, என் தகப்பனாரைப் பார்த்து அரைகுறையாகக் காப்பி அடித்தவை. ஒன்று மட்டும் என்னை உட்காரவைத்தது. ருத்திராட்சக் கரையில் மணிகள் சம இடைவெளியில் வர வேண்டும் என்பது எங்கள் கை பழகிய விதி. இதிலோ ஒவ்வோர் ஏழாவது மணியும் பாதியாக நறுக்கப்பட்டு, மறுபாதி ஓர் இழை தள்ளி நின்றது. பழைய தாளில் மடிப்பு விழுந்த இடத்தையும் வடிவத்தின் பகுதி என்று இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பின்னர் கண்டுபிடித்தோம். பிழைதான் என்றாலும் தூக்கிப்போட மனம் வரவில்லை. இரண்டு நாள் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, மறுபாதியை மேலும் மூன்று இழை நகர்த்தி, இடைவெளியில் ஒரு புள்ளி வைத்து நெய்யக் கொடுத்தேன். அந்தக் கரையை வரைந்தவர் யார் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால், நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்காது என்பதும், அவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது குப்பையில் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

பின்னர் அந்தக் கல்லூரியில் நடந்த விழாவில் என் தகப்பனாரின் தாள்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே 'பாரம்பரிய வடிவங்கள்' என்று எழுதியிருந்தது. அவர் ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் சிவப்பு மையில் தேதியும் தம் பெயரின் முதலெழுத்துகளும் போடுவார். அவை ஒரு தாளிலும் இல்லை. ஓரத்தில் எழுத்து இருந்தால் பயிற்சி குழம்பும் என்று ஸ்கேன் செய்யும்போதே வெட்டிவிட்டார்களாம். காரணம் நியாயமானதுதான். வெட்டாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால், அதன்மீதான பதிப்புரிமை போய்விடும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. நன்றாக ஓடுகிற கரைக்கு 50 என்பது ஓர் எண்ணா? சேலம் வெண்பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கிறதே ஒழிய, கரை வரைந்தவரின் பெயரைக் காப்பதில்லை. கணினியால் உருவாகும் படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று அதே பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் ருத்திராட்சக் கரைக்குக் காரணமானவர்கள் என்று பார்த்தால் ஒரு வரிசையே நிற்கிறது.

சட்டம் கட்டாயப்படுத்தாமலே ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் உண்டு. மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டு 2024இல் ஒரு திரைப்பாடலில் பயன்படுத்திய ஏ.ஆர்.ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அன்னா ரிட்லர் என்ற கலைஞர் 2018இல் இயந்திரத்துக்குப் பழக்கத் தாமே 10,000 துலிப் மலர்ப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் குறிப்பு எழுதி, அந்தத் தொகுப்பையே ஒரு படைப்பாகக் காட்சிக்கு வைத்தார். தரவு என்று நீங்கள் சொல்வது யாரோ ஒருவரின் கைவேலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டி நான் அறியேன். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் 10 கலைஞர்களும் பெல் ஆய்வகத்தின் ஏறத்தாழ 30 பொறியாளர்களும் சேர்ந்து நிகழ்ச்சிகளை அரங்கேற்றியபோது, அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அவர்கள் சேர்ந்து உழைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956இல் தந்தது நம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். அதை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவந்தவர். ஒரே மதில் சுவருக்குள் ஓவியரும் தச்சரும் ஒலிப்பதிவாளரும் சம்பளத்துக்கு வேலை செய்த இடம் அது.

சம்பளம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். ஒரு நாள் உங்கள் மாணவர்களோடு உட்கார்ந்தால் அன்றைக்கு எனக்கு அட்டை வேலை நிற்கிறது. அந்த நாளுக்கு உரிய கூலியை உங்கள் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவையுங்கள். வடிவங்களை வாங்கும்போது யாருடையது, எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். பயிற்றுவித்த மாதிரியிலிருந்து ஒரு கரை விலைக்குப் போனால் அதில் எங்கள் பங்கு என்ன என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். முதல் வகுப்பை உங்கள் குளிரூட்டிய அரங்கில் வைக்காமல் தறிக்குழியின் அருகில் வையுங்கள்.

தகப்பனாரின் தாள்கள் இன்னும் 212 என்னிடம் இருக்கின்றன. பாச்சை அரிக்காமல் வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றில் சில ஒன்றரை அடிக்கு மேல் நீளமானவை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வலது மூலையும் சேர்ந்து விழுகிற அளவுக்குப் பெரிய ஸ்கேனரோடு வாருங்கள்.

இப்படிக்கு,
கிராஃப் வரைபவன்,
அம்மாப்பேட்டை, சேலம்