தலைவருக்கு ஒரு டெட்ராய்ட் கடிதம்

ட்ராய், மிச்சிகன்
செப்டம்பர் 2025

தலைவரே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு வழக்கமான திட்டை நீயே ஒருமுறை திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முட்டி, அவளுக்கு சர்க்கரை, மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். மூக்கன் பேத்தி கல்யாணத்துக்கு வர முடியாது, மொய் வந்து சேரும் என்று சொல்லிவிடு. வாட்ஸப்பில் அவன் அழுகை தாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “உங்க ஊர் ராஜா ட்ரம்ப் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டு எங்க மாப்பிள்ளை வயித்துல அடிக்கிறாரு, உங்க ஊர் யூனியன்காரன் கை தட்டுறான். இதுதான் உலகத் தொழிலாளர் ஒற்றுமையா?” என்று எழுதியிருந்தாய். திருப்பூர் நிலைமையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நக்கலுக்கு நக்கல் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துக்கொள். கார் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் தலைவர் ஷான் ஃபெய்ன் கை தட்டியது கார் வரிக்கு. பனியன் வரிக்கு அல்ல. எல்லா நாட்டு மேலும் கண்மண் தெரியாமல் வரி போடுவதை ஆதரிக்க மாட்டோம் என்று ஏப்ரலிலேயே அவர் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் போன வருஷம் ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் “ட்ரம்ப் ஒரு கருங்காலி” என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்ற மனிதர்!

பக்கத்து வீட்டுக் கிழவரை உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோது உன்னோடு பாஷை புரியாமலே ரெண்டு மணி நேரம் யூனியன் பேசினாரே, அவர்தான். இந்தத் தொழிலாளர் தினத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு டெட்ராய்ட் ஊர்வலத்துக்குப் போனார். மிச்சிகன் அவென்யூ முழுக்க சங்கச் சட்டைகள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆசிரியர், கார்க்காரர்கள் என்று தனித்தனி நிறம். அவர் போட்டிருந்தது வெளுத்துப்போன யு.ஏ.டபிள்யூ. தொப்பி. ஒபாமாவுக்கு ரெண்டு முறை ஓட்டுப் போட்டவர், அப்புறம் மூன்று முறை ட்ரம்ப்புக்கு.

போகும் வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. மார்ச் 26-ம் தேதி ட்ரம்ப் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீத வரியை அறிவித்தார். கிழவருக்கு அன்றைக்குத் தீபாவளி. மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? மார்ச் 27-ம் தேதி இன்னொரு ஆணை. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மத்திய அரசின் ஏகப்பட்ட துறைகளில் ஊழியர் சங்கங்களின் கூட்டுபேர உரிமையை, அதாவது சங்கமாக உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடும் உரிமையை, ரத்து செய்துவிட்டார். போலீசுக்கும் தீயணைப்புக்கும் மட்டும் விலக்கு. ஆகஸ்டில் முன்னாள் படைவீரர் நலத்துறை, போட்ட ஒப்பந்தங்களையே பெரும்பாலும் கிழித்துப் போட்டது. தொழிலாளர் தினத்துக்கு நாலு நாள் முன்னால் இன்னொரு பட்டியல், அதில் நாசாவும் வானிலை ஆபீசும். அதே வாரம் வாஷிங்டனில் தொழிலாளர் துறைக் கட்டடத்தின் முகப்பில் அவர் முகம் போட்ட பிரம்மாண்டமான பேனர், “அமெரிக்கத் தொழிலாளிக்கே முதலிடம்” என்று. நம்ம ஊர் கட் அவுட் பார்த்து வளர்ந்த எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“அது கவர்மெண்ட் ஆளுங்க, எங்களுக்கு என்ன?” என்றார் கிழவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விமானக் கட்டுப்பாட்டாளர் சங்கத்தை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். 1980-இல் ரீகனை ஆதரித்த விரல்விட்டு எண்ணக்கூடிய சங்கங்களில் அது ஒன்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 48 மணி நேரம் கெடு கொடுத்து, திரும்பாத 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பினார் ரீகன். நினைவிருக்கிறது என்றார். “ஆனா அவன் ஃபேக்டரியை மெக்சிகோவுக்கு அனுப்பலையே.”

இங்கேதான் எனக்கு வாயடைத்துப் போகிறது, தலைவரே. கிழவர் முட்டாள் இல்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தத்தை 1993-இல் நிறைவேற்ற ஓடி ஓடி ஓட்டுச் சேர்த்தவர் கிளிண்டன், சங்கங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆள். கீழவையில் 234-க்கு 200. அவர் கட்சிக்காரர்களே 156 பேர் எதிர்த்தார்கள், எதிர்க்கட்சி தூக்கிவிட்டது. ஒபாமா பசிபிக் நாடுகளோடு வணிக ஒப்பந்தத்துக்கு அலைந்தபோதும் சங்கங்கள் கத்தின, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017 ஜனவரி 23, பதவியேற்ற முதல் திங்கட்கிழமை, ட்ரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வெளியேறினார். அன்றைக்கே கட்டடத் தொழில் சங்கத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இத்தனை வருஷம் வாசலிலேயே நின்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

பைடன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பரில் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெல்வில்லில், வேலைநிறுத்தம் செய்த கார் தொழிலாளர்களோடு கேட்டில் வந்து நின்றார், தலையில் சங்கத் தொப்பி, கையில் ஒலிபெருக்கி. பதவியில் இருக்கும் ஜனாதிபதி மறியலில் நின்றது அதுதான் முதல் தடவை. மறுநாளே ட்ரம்ப் வந்தார், யூனியனே இல்லாத ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு. அடுத்த வருஷம் மிச்சிகனை ஜெயித்தவர் யார்? இரண்டாமவர்தான்.

நீயும் நானும் கேட்டுக்கு வெளியே வாயிற்கூட்டம் போட்டு, கோரிக்கை மனு கொடுத்து, ராத்திரி பூரா பேசி, தொழிலாளர் அதிகாரி முன்னால் 12(3) ஒப்பந்தம் போட்ட ஆட்கள். ஒப்பந்தம் நம் கையில் இருக்கும், நாளைக்கு நிர்வாகம் மீறினால் காட்டிச் சண்டை போடலாம். வரி அப்படியா? ட்ரம்ப் கையெழுத்தில் வந்தது, அவருக்குப் பிடிக்காவிட்டால் இன்னொரு கையெழுத்தில் போகும். நடுவில் தொழிலாளி எங்கே இருக்கிறான்? 2023-இல் கார் தொழிலாளர் வாங்கிய 25 சதவீத சம்பள உயர்வு ஆறு வாரம் தெருவில் நின்று வாங்கியது. அதைத் தரச் சொல்லி எந்த ராஜாவும் ஆணை போடவில்லை.

சொல்லை நம்பியவர்கள் கதையும் இருக்கிறது. 2017 ஜூலையில் ட்ரம்ப் ஒஹையோவின் யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலையெல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் பக்கத்து லார்ட்ஸ்டவுன் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. இந்த ஏப்ரலில் கார் வரி வந்த உடனே ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் வின்ட்சர் ஆலை ரெண்டு வாரம் மூடியது. அதற்குச் சாமான் அனுப்பும் இந்தப் பக்க ஆலைகளில் சுமார் 900 பேருக்கு லே-ஆஃப். 1985 வரை ரெண்டு பக்கமும் ஒரே சங்கம்!

இதையெல்லாம் சொன்னேன். கிழவர் ஹாட்டாக்கைக் கடித்துக்கொண்டே, “என் தங்கச்சி பேரனுக்கு செகண்ட் ஷிஃப்ட் கிடைச்சிருக்கு, அதுக்கு என்ன சொல்ற?” என்றார். சொல்ல எதுவும் இல்லை. நானும் ஒன்று வாங்கித் தின்றேன். வீட்டில் சொல்லாதே.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வா. ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தை வைத்து அங்கே ஆர்டர் பிடிக்கப் பார்க்கிறார் என்றாயே, என்ன ஆச்சு? தையல் மெஷின் ஆட்களை நிறுத்தாமல் ஷிஃப்டைக் குறைத்து ஓட்டுகிறாரா? ஆட்களை நிறுத்தியிருந்தால் நீ மாமனார் என்பதை மறந்துவிட்டுத் தலைவராகவே போய்ப் பேசு. என்ன பதில் சொன்னார் என்று அப்படியே எழுது, கிழவர் கேட்கிறார்.

உன்
பழைய பொருளாளர்