வேலூர்–காட்பாடி சாலையில் ஒரு மாத சோதனையாக 40 கி.மீ. வேக வரம்பு கோரும் மனு

அனுப்புநர்:
விருதம்பட்டு, சில்க் மில் பகுதிக் குடியிருப்பாளர்கள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
(மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர்),
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: கிரீன் சர்க்கிள் முதல் காட்பாடி ரயில்வே மேம்பாலம் வரையிலான சாலைக்கு மணிக்கு 40 கி.மீ. வேக வரம்பைச் சோதனை முறையில் அமல்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கிரீன் சர்க்கிளில் தொடங்கி, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கி, விருதம்பட்டு, சில்க் மில், ஓடைப் பிள்ளையார் கோயில், சித்தூர் பஸ் ஸ்டாண்ட் என்று காட்பாடி மேம்பாலம் வரை போகும் சாலையில் எந்த வண்டியும் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவிட வேண்டுகிறோம். எடுத்த எடுப்பில் நிரந்தரமாகக் கேட்கவில்லை. ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அளந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இதை நாங்கள் வாய்மொழியாகச் சொன்ன இடங்களில் எல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: “இப்பவே டிராபிக் தாங்கல. இதுல வேகத்தையும் குறைச்சா ரோடு மொத்தமா அடைச்சுக்கும்.” கடைக்காரர்கள் சொன்னார்கள், பஸ் டிரைவர்கள் சொன்னார்கள், விவரம் தெரிந்தவர்களும் சொன்னார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கணக்கு போட்டால் நிற்கவில்லை. எங்கள் சார்பில் இதை எழுதுகிற நான் நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எனவே அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே வைக்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

ஒரு சாலை மணிக்கு எத்தனை வண்டியைக் கடத்தும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. வேகம் கூடினால் அந்த இடைவெளியும் கூட வேண்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் தன் தரக்குறிப்பில், ஓட்டுநர் கண்டு, பிரேக் பிடித்து, வண்டி நிற்பதற்குத் தேவையான தூரத்தைக் கொடுத்திருக்கிறது: 40 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர், 60-க்கு 80 மீட்டர், 80-க்கு 120 மீட்டர். ஒரு காரின் நீளம் 5 மீட்டர் என்று வைத்து, ஒவ்வொருவரும் இந்த இடைவெளியை முழுதாக விட்டு ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடத்தில் 40 கி.மீ. வேகத்தில் மணிக்கு 800 கார் கடக்கும். 60-ல் ஏறத்தாழ 705. 80-ல் 640. வேகம் இரண்டு மடங்கு ஆகும்போது சாலையில் கடக்கும் வண்டி ஐந்தில் ஒன்று குறைகிறது.

“யார் சார் 45 மீட்டர் விட்டு ஓட்டுறாங்க?” என்று கேட்பீர்கள். சரிதான், நம் ஊரில் யாரும் விடுவதில்லை. அதனால் ஓட்டுநர்களுக்குச் சாதகமான கணக்கையே எடுப்போம். முன் வண்டிக்கும் தன் வண்டிக்கும் இரண்டு விநாடி இடைவெளி விட்டால் போதும் என்று வைத்துக்கொண்டால், 40 கி.மீ.யில் ஏறத்தாழ 1,470 காரும் 60-ல் 1,565 காரும் கடக்கும். 100 காருக்கு ஆறேழு கார்தான் வித்தியாசம். அதுவும் சிக்னல் இல்லாமல், குறுக்கே யாரும் வராமல், ஷேர் ஆட்டோ நடுவில் நிற்காமல், கார் மட்டுமே ஓடுகிற சாலையில்! அப்படி ஒரு சாலை வேலூரில் எங்கே இருக்கிறது?

உண்மையில் எங்கள் சாலையின் கொள்ளளவை முடிவு செய்பவை சந்திப்புகளும் காட்பாடி மேம்பாலமும்தான். சிக்னல் வடிவமைக்கும்போது பச்சை விளக்கில் எத்தனை வண்டி போகும் என்பதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: சாலையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரப் பச்சைக்குப் போகும் கார் அலகு (ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றிச் சொல்லும் அளவு) கிடைக்கும். அந்தச் சூத்திரத்தில் அகலம் இருக்கிறது. வேக வரம்பு என்று ஒன்றே இல்லை. நின்று கிளம்புகிற வண்டி 60-ஐத் தொடுவதற்குள் அடுத்த சிவப்பு வந்துவிடும். மேம்பாலத்தின் கதையும் அதுதான். தொட்டியில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றினாலும் வெளியே வருவது குழாயின் அளவுக்குத்தான். விருதம்பட்டில் 70-ல் பறந்தவரும் சாவகாசமாக வந்தவரும் மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பறந்து வந்தவர் வரிசையின் வாலைச் சீக்கிரம் பிடிக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று, வண்டிகளின் கலவை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் 3 கார் அலகு, டிரெய்லர் மாட்டிய டிராக்டருக்கு 4.5, பைக்குக்கு 0.5 என்று துறைக் கணக்கில் எடுப்போம். கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் அம்முண்டி ஆலைக்குப் பாரம் ஏற்றிப் போகும் டிராக்டரையும், அதை இடமும் வலமுமாக முந்துகிற பைக்குகளையும் இந்தச் சாலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெரிசலை உண்டாக்குவது மெதுவான வண்டி மட்டுமல்ல, வேக வித்தியாசம். ஒருவர் 20-ல் போக இன்னொருவர் 70-ல் வந்தால் முந்தல் கூடுகிறது. முந்தினால் பின்னால் ஒருவர் பிரேக் போடுகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் அதைவிடக் கொஞ்சம் பலமாகப் போடுகிறார். கடைசியில் எந்தக் காரணமும் கண்ணுக்குத் தெரியாமல் சில்க் மில் அருகே எல்லோரும் நிற்கிறோம். இங்கிலாந்தில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் 1995 முதல், நெரிசல் கூடும் நேரத்தில் வேக வரம்பைக் குறைத்து மின்பலகையில் காட்டுகிறார்கள். வண்டிகளைச் சீராக ஓடவிடத்தான் அந்த ஏற்பாடு.

நேரம் எவ்வளவு போகும்? கிரீன் சர்க்கிளில் இருந்து காட்பாடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. சிக்னலே இல்லாமல் 60-ல் போனால் 5 நிமிடம், 40-ல் போனால் ஏழரை நிமிடம். அதிகபட்ச நஷ்டம் இரண்டரை நிமிடம். பரபரப்பான நேரத்தில் அதுவும் கிடையாது.

இனி பாதுகாப்பு. பாலாற்றுப் பாலம் நேராக, காலியாக இருப்பதால் வண்டிகள் அங்கே வேகம் பிடிக்கின்றன. இறங்கியதும் விருதம்பட்டு. அங்கே பள்ளிப் பிள்ளைகள், காய்கறி வாங்க வரும் பெண்கள், பஸ்ஸுக்காகச் சாலையிலேயே இறங்கி நிற்பவர்கள். கூடவே ஒரு கூட்டம் இருக்கிறது, அதை இந்த ஊர்க்காரர்கள் மறந்துவிடுவோம். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிற வெளிமாநில நோயாளிகள். காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வங்காள மொழியில் பலகை மாட்டும் அளவுக்கு அவர்கள் வருகிறார்கள். கையில் ஸ்கேன் கவரும் பையுமாக, எந்தப் பக்கம் பார்த்துக் கடப்பது என்று தெரியாமல் நிற்கும் அவர்களிடம் போய் “கவனமாகக் கடக்க வேண்டும்” என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. வண்டிதான் நிற்கக்கூடிய வேகத்தில் வர வேண்டும்.

40-ல் வரும் வண்டியைவிட 60-ல் வரும் வண்டியின் மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது: கார் மோதும் வேகம் 50-இல் இருந்து 65 ஆனால், அடிபட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது, சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது. நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதம் அதிவேகக் கணக்கில் வருகிறது. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. போலீஸ் பதிவில் “அதிவேகம்” என்று எழுதுவது பல நேரம் வழக்கத்தினால்தான் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கழிவைப் போட்டாலும் மிஞ்சுவது சிறிய எண் அல்ல.

சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்துப் புரிதலைச் சொல்லிவிடுகிறோம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, பஸ், லாரி, பைக்குக்கு 60 என்று மேல் வரம்பை வைத்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் விபத்து இழப்பீட்டு வழக்கில் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அந்த வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. மேல் வரம்பு எதுவாக இருந்தாலும், குறிப்பிட்ட சாலைக்கு அதைவிடக் குறைத்து வைக்க மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112(2) மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அலுவலருக்கும் வழி தருகிறது. பிரிவு 116-ன்படி பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மிகாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிக்கைகூடத் தேவையில்லை என்று பிரிவு 112(2) சொல்கிறது. நாங்கள் ஒரு மாதம் என்று கேட்பது இதனால்தான்.

சோதனை உருப்படியாக நடக்க வேண்டும் என்றால் சில விஷயங்கள் வேண்டும். கோடை விடுமுறையில் வைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்; பள்ளிகளும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் நடக்கிற மாதமாகப் பார்த்து வையுங்கள். அதற்கு முந்தைய மாதமே விருதம்பட்டிலும் சித்தூர் பஸ் ஸ்டாண்டிலும் காலை, மாலை வண்டி எண்ணிக்கை எடுத்து, ஸ்பீடு கன் வைத்து வேகத்தையும் அளந்து, கிரீன் சர்க்கிள்–காட்பாடி பயண நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனை மாதத்தில் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி. மணிக்குக் கடக்கும் வண்டி குறைந்திருந்தால் நாங்களே வந்து பலகையைக் கழற்றச் சொல்கிறோம். எண்ணுவதற்கு ஆள் பற்றாக்குறை என்றால் எங்கள் பகுதிக் கல்லூரி மாணவர்கள் துறையின் மேற்பார்வையில் உட்கார்ந்து எண்ணத் தயாராக இருக்கிறார்கள்.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. வேக வரம்புப் பலகை கல்யாண பேனருக்கும் கட்சி பேனருக்கும் பின்னால் ஒளிந்து நிற்கிற ஊர் இது. பாலம் இறங்கும் இடத்தில் இரு பக்கமும், தெளிவாக, இரவில் ஒளிரும்படி வையுங்கள். முதல் வாரம் அபராதம் வேண்டாம், எச்சரிக்கை போதும். அதன் பிறகும் கெடுபிடி இல்லை என்றால் பலகை வெறும் தகரம்தான்.

100 வண்டியில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ அதையே வரம்பாக வைக்கலாம் என்று துறையில் ஒரு வழக்கம் உண்டு. புறவழிச் சாலைக்கு அது பொருந்தலாம். கடைத்தெரு நடுவே போகும் சாலைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அந்த முறை வண்டி ஓட்டுகிறவர்களை மட்டும் கேட்கிறது, கடந்து போகிறவர்களைக் கேட்பதே இல்லை.

தயவுசெய்து இந்தக் கோரிக்கைக்குப் பதிலாக வேகத்தடை போட்டுவிட வேண்டாம். தரக்குறிப்புப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று வளைவாகப் போட வேண்டியதை, ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி முட்டுக்கல் மாதிரி எழுப்பி, வெள்ளைக் கோடும் அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதில் பைக்கில் பின்னால் உட்கார்ந்த பெண்கள்தான் விழுகிறார்கள். முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றிக்கொண்டு சி.எம்.சி.க்குப் போகும் ஆம்புலன்ஸுக்கும் அது நல்லதல்ல.

எல்லாச் சாலைக்கும் 40 கேட்கிறவர்கள் அல்ல நாங்கள். பள்ளிகொண்டா பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாகப் போவதற்காகத்தான் சாலையே போட்டிருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை நாளில், மாடு ஏற்றிய வண்டிகள் திரும்பும் நேரத்துக்கு மட்டுமாவது அங்கே வரம்பைக் குறைக்கலாம். அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருப்பதால், சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் தாங்களே அவர்களிடம் இதைக் கேட்க வேண்டுகிறோம்.

இந்த மனுவை அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்து, எடுக்கும் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் எந்தக் கணக்கின்படி முடியாது என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
விருதம்பட்டு, சில்க் மில் பகுதிக் குடியிருப்பாளர்கள்

இடம்: வேலூர்

இணைப்பு: கையெழுத்துப் படிவங்கள், கணக்கெடுப்பு இடங்களையும் பலகை வைக்க வேண்டிய இடங்களையும் குறித்த கைவரைபடம்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை, ஆணையர், வேலூர் மாநகராட்சி, வட்டாரப் போக்குவரத்து அலுவலர், வேலூர்.